ஆயிரத்தில் மூன்று பங்கு

பில்லிங்ஸ், மொன்டானா
9 செப்டம்பர் 1968

மாப்பிள்ளை ஹார்லனுக்கு,

போன வாரம் உங்கள் பக்கத்துப் பண்ணை எம்மெட் சோர்லி பேரில் என் கடைக்கு ஓர் ஆர்டர் வந்தது. 38-55 துப்பாக்கிக்கு வார்த்த ஈயக் குண்டு, நூறு. இன்று காலைத் தபாலில் அனுப்பிவிட்டேன். அவை உங்களுக்குத்தான் என்று தெரிந்தே அனுப்பினேன்.

எம்மெட்டிடம் அந்த ரகத் துப்பாக்கி கிடையாது. உங்கள் ஜூடித் ஆற்றுப் பக்கம் முழுக்கத் தேடினாலும் 38-55 ஒன்றுதான் இருக்கும், அது என் தங்கை சிக்னியின் துப்பாக்கி. போதாததற்கு எம்மெட்டின் தபால் பெட்டி எண்ணில் ஒரு ஏழு இருக்கிறது. ஏழின் இடுப்பில் குறுக்குக் கோடு போடுகிற ஆள் என் பழக்கத்தில் ஒருவர்தான். அவர் என் தங்கையைக் கட்டி இருபத்தைந்து வருடம் குடும்பம் நடத்தினார்.

வேறு பேரில் வாங்கியதில் எனக்குக் கோபமில்லை. பழைய சாமான் கடை வைத்திருப்பவனிடம் பாதிப் பேர் பொய்ப் பேரில்தான் வருவார்கள். ஆனால் சிக்னியை அடக்கம் செய்து பதினெட்டு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து உங்களிடமிருந்து வந்த முதல் சேதி, எம்மெட் சோர்லிக்கு நூறு குண்டு வேண்டும் என்பது.

குண்டு எப்படிப் போகிறது என்று ஒரு வரி எழுதுங்கள். எல்லா வாடிக்கையாளரிடமும் கேட்பதுதான்.

ஆல்டன்


யூட்டிகா
14 செப்டம்பர்

திரு. ஆல்டன் அவர்களுக்கு,

கேட்டீர்கள், சொல்கிறேன். உங்கள் குண்டுகள் உதவாது.

ஐம்பது கஜத்தில் ஓர் அட்டைப் பெட்டியை நிறுத்தி இருபது சுட்டேன். அட்டையில் பட்டவை பதினொன்று. அவையும் மூக்கு முன்னால் போகப் படவில்லை, படுத்துக்கொண்டு போய்ப் பட்டிருக்கின்றன. துளை வட்டமாக இல்லை. கதவின் சாவித் துளை போல நீளமாக இருக்கிறது. குழலுக்குள் ஈயம் அப்பிக்கொண்டு, சுரண்டி எடுக்க ஒரு நாள் போயிற்று.

துப்பாக்கி பழுதுபார்க்கிறவரிடம் கொண்டுபோனேன். குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரி வாசலில் நின்று பேசுகிற மாதிரிச் சொன்னார்: "குழல் செத்துப்போச்சுங்க. எழுபது வருசமா சுட்டா தேயாம என்ன செய்யும்? உள்ள குடைஞ்சு பெரிசாக்கிப் புதுசா புரி வெட்டித் தர்றேன். குண்டும் கடையில லேசாக் கிடைக்கும்." அக்டோபர் ஏழு, திங்கட்கிழமை, நாள் கொடுத்திருக்கிறார். அந்த நாளை விட்டால் அவருக்கு ஜனவரிக்கு மேல்தான் நேரம்.

மான் வேட்டை சீசன் அக்டோபர் இருபதில் தொடங்குகிறது. என்னிடம் வேறு துப்பாக்கி இருக்கிறதே என்று எழுத வேண்டாம், இருப்பது எனக்குத் தெரியும். சிக்னி ஒவ்வொரு குளிர்காலமும் இந்தத் துப்பாக்கியால்தான் வீட்டுக்கு இறைச்சி கொண்டுவந்தாள். போன வருடம் நான் மலைக்கே போகவில்லை. இந்த வருடம் அவள் துப்பாக்கியால் ஒரு மான், ஒன்றே ஒன்று. அதற்குக் குழலைக் குடைய வேண்டுமென்றால் குடையட்டும்.

மீதி எண்பது குண்டுகளைத் திருப்பி அனுப்பவா, மீன் வலைக்குக் கட்டிக்கொள்ளவா என்று எழுதுங்கள்.

ஹார்லன்


பில்லிங்ஸ்
17 செப்டம்பர்

மாப்பிள்ளைக்கு,

திங்கட்கிழமை வேண்டாம். காலில் விழுந்து கேட்கிற வழக்கம் எனக்கில்லை. விழுகிறவனாக இருந்தால் இப்போது விழுந்திருப்பேன். குடைந்த குழலை மறுபடி அடைக்க முடியாது.

ஒரு வியாபாரி சொல்வதைக் கேளுங்கள். குழல் செத்துப்போனது என்று சொல்லப்பட்ட நாற்பது துப்பாக்கியாவது நான் வாங்கியிருப்பேன், அடிமாட்டு விலைக்கு. அதில் பாதிக்கு மேல் சாகவில்லை. குண்டு மெலிவு, அவ்வளவுதான். மெலிந்த குண்டு, குழலுக்குள் திருகாக வெட்டிய புரியில் சிக்காது. சிக்காவிட்டால் சுழலாது, சுழலாவிட்டால் படுத்துக்கொள்ளும். உங்கள் அட்டையில் விழுந்த சாவித் துளை அதுதான். குண்டைச் சுற்றிப் புகை பிதுங்கி ஈயத்தை உருக்கும், அது குழலில் அப்பும். நீங்கள் எழுதியது அத்தனையும் மெலிந்த குண்டின் அடையாளம்.

இந்த முப்பத்தெட்டு இருக்கிறதே, இது பேரில் மட்டும்தான் ஒழுங்கு. அந்தக் காலத்துத் தொழிற்சாலைக்காரர்கள் ஒவ்வொரு குழலையும் ஒவ்வோர் அளவில் வெட்டினார்கள். ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் 376 பங்கும் உண்டு, 382 பங்கும் உண்டு. புத்தகத்தில் ஓர் அளவு போட்டிருக்கும். துப்பாக்கி புத்தகம் படிப்பதில்லை.

ஆகவே அளக்க வேண்டும். துப்பாக்கி காலியா என்று இரண்டு முறை பாருங்கள். குழலுக்குள் எண்ணெய் விடுங்கள். மீன் தூண்டிலுக்குக் கட்டுகிற மெத்தென்ற ஈயத்தில், குழல் வாயை விடக் கொஞ்சம் பருமனாக ஒன்றை எடுத்து, மரச் சுத்தியலால் வாய்க்குள் அடித்து இறக்கி, ஒரு குச்சியால் மெதுவாக அடுத்த முனை வரை தள்ளுங்கள். அது குழலின் அச்சு அசலான அளவோடு வெளியே விழும். நசுங்காமல் எனக்கு அனுப்புங்கள். மைக்ரோமீட்டர் என்னிடம் இருக்கிறது.

மீதி எண்பதையும் மீன் வலைக்குக் கட்டுங்கள். ஒன்றும் சொல்ல மாட்டேன்.

ஆல்டன்


யூட்டிகா
22 செப்டம்பர்

ஆல்டன் அவர்களுக்கு,

ஈயத்தை ஆஸ்பிரின் டப்பாவில் பஞ்சு சுற்றி வைத்திருக்கிறேன். பஞ்சு மருந்துப் பெட்டியில் இருந்தது, சிக்னிக்கு நோயில் ஊசி போட்ட காலத்தது.

தள்ளும்போது எம்மெட் வந்துவிட்டான். குதிரைக் கொட்டகையில் துப்பாக்கியைத் தலைகீழாக இடுக்கி மரச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருக்கிறேன். "என்னப்பா, துப்பாக்கிக்குப் பல்லுப் புடுங்குறியா?" என்றான். ஆல்டன் சொன்னார் என்றேன். சுத்தியலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். பிறகு, "அப்ப என் பேருல ஆர்டர் போட்டது கண்டுபுடிச்சுட்டாரா?" என்றான். ஏழால் மாட்டிக்கொண்டேன் என்றேன். தீவன மூட்டை மேல் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தான்.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் கடைக் குண்டுகள் எந்த அச்சில் வார்த்தவை? அன்றைக்கு எடுத்துப் போனீர்களே, அந்த அச்சிலா? அடக்கம் முடிந்து வந்தவர்கள் அடுக்களையில் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உட்காரக்கூட இல்லை. நீங்கள் பின்பக்கத்தில் அச்சையும் உருக்கும் சட்டியையும் கரண்டியையும் லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தீர்கள்.

அந்த அச்சில் சிக்னி வார்த்த குண்டு அட்டையைத் தவறவிட்டு நான் பார்த்ததில்லை. அதே அச்சு, அதே துப்பாக்கி. எங்கே கெட்டது? நீங்களே சொல்லுங்கள்.

ஹார்லன்


பில்லிங்ஸ்
25 செப்டம்பர்

மாப்பிள்ளைக்கு,

ஈயம் வந்தது. மூன்று முறை அளந்தேன். 381. நான் அனுப்பிய குண்டு 378. ஆயிரத்தில் மூன்று பங்கு வித்தியாசம், ஒரு தலைமுடியின் தடிமன்தான். அந்த இடைவெளிக்குத்தான் உங்கள் பழுதுகாரர் குழலைக் குடைந்து எடுக்கப் பார்க்கிறார். புரி இன்னும் கூர்மையாகத்தான் பதிந்திருக்கிறது. அது நல்ல குழல்.

ஆமாம், அதே அச்சுதான். மறைக்க ஒன்றுமில்லை. அன்று நீங்கள் என்ன சொன்னீர்கள், நான் என்ன சொன்னேன் என்பதும் மறக்கவில்லை. "அவ மேல மண்ணு காயல, அதுக்குள்ள சாமான் பொறுக்க வந்துட்டியா?" என்றீர்கள். "எங்கப்பன் வாங்குனது இது, உனக்கு ஈயம் காய்ச்சத் தெரியுமா?" என்றேன். "துப்பாக்கியையும் தூக்கிட்டுப் போய்க் கடையில தொங்கவிடு" என்றீர்கள். நான் லாரியைக் கிளப்பிவிட்டேன். அந்த நூற்று முப்பது மைலில் எங்கே நிறுத்தினேன், எத்தனை முறை நிறுத்தினேன் என்பதை நான் யாருக்கும் சொன்னதில்லை. இப்போதும் சொல்லப்போவதில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஈயத்தின் கலவையாக இருக்கும் என்று நினைத்தேன். நான் வாங்குவது பழைய குழாய் ஈயம். அது ஆறும்போது அதிகம் சுருங்கும். சிக்னி பத்திரிகை அச்சகத்தில் கழித்துப்போட்ட எழுத்து ஈயத்தைத்தான் வாங்குவாள். அது அவ்வளவு சுருங்காது. நேற்று இங்கே ஓர் அச்சகத்தில் முப்பது பவுண்டு பேரம் பேசி வாங்கி வந்து அதே அச்சில் ஊற்றினேன். 379 வந்தது. ஒரு பங்கு கிடைத்துவிட்டது. மீதி இரண்டு பங்கும் எங்கே போனது என்று தெரியவில்லை.

சிக்னி கையால் வார்த்த குண்டு ஒன்று வேண்டும். தேடுங்கள். ஒன்று போதும். நாள் நெருங்குகிறது.

ஆல்டன்


யூட்டிகா
29 செப்டம்பர்

ஆல்டன் அவர்களுக்கு,

வீட்டை இரண்டு நாள் தேடினேன். அவள் எதையும் மிச்சம் வைக்கிறவள் இல்லை. வசந்தத்தில் வார்ப்பாள், சீசன் முடியும்போது டப்பா காலியாக இருக்கும்.

கடைசியில் அவளுடைய மலைக்கோட்டில் இருந்தது. கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிற சிவப்புக் கட்டம் போட்ட கோட்டு. அதை நான் இதுவரை எடுக்கவில்லை. எடுக்காமலே இருந்திருக்கலாம். வலது பையில் மூன்று தோட்டா, ஒரு கைக்குட்டை, கோதுமை பிஸ்கட்டில் பாதி. ஒரு தோட்டாவிலிருந்து குண்டை உருவி இதோடு அனுப்புகிறேன். மீதி இரண்டையும் கேட்காதீர்கள்.

அவள் வார்க்கிற நாளில் என்னைப் பால் கொட்டகைப் பக்கம் விடமாட்டாள். ஒரு முறை ஈரத் தொப்பியோடு உள்ளே போய்க் குனிந்து, பனித் தண்ணீர் சட்டியில் சொட்டி, ஈயம் தெறித்து, கூரை வரை போனது. அன்றிலிருந்து வாசற்படியில்தான் என் இடம். அங்கே உட்கார்ந்து புகைபிடித்துக்கொண்டு பார்ப்பேன். ஊற்றுவாள், வாய்க்குள் எண்ணுவாள், பிடியைத் தட்டுவாள், குண்டு பழைய துண்டின் மேல் விழும். வெள்ளி மாதிரி இருக்கும். "ஏங்க, அங்கயே உக்காந்து ஊதிக்கிட்டு இருங்க. ஒங்க புகையிலையால எனக்கும் ஒரு பிரயோசனம் இருக்கு" என்பாள். கிண்டல் என்று நினைத்துக்கொள்வேன். என்ன பிரயோசனம் என்று நான் கேட்டதேயில்லை.

திங்கட்கிழமைக்கு இன்னும் எட்டு நாள்.

ஹார்லன்


பில்லிங்ஸ்
2 அக்டோபர்

மாப்பிள்ளைக்கு,

இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்து இரண்டு முறை எழுந்துவிட்டேன். கடை வாசலில் ஆள் நிற்கிறார், நிற்கட்டும்.

சிக்னியின் குண்டை அளந்தேன். 382. மைக்ரோமீட்டரிலிருந்து எடுக்காமல் கால்வட்டம் திருப்பி அளந்தேன். 379. உருண்டை இல்லை, லேசாக முட்டை வாட்டம். என் கடையில் இப்படி ஒன்று விழுந்தால் கோணல் என்று திரும்பச் சட்டியில் போட்டிருப்பேன். பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். அச்சின் இரண்டு பாதியும் சேருகிற இடத்தில், குண்டின் இரு விலாவிலும் மேலிருந்து கீழ்வரை மெல்லிய வரப்பு ஓடுகிறது. வார்க்கும்போது அச்சு முழுக்க மூடியிருக்கவில்லை. ஒரு மயிரிழை திறந்து இருந்திருக்கிறது. வேண்டுமென்றே.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

அச்சைக் கொண்டுவந்த வாரம் அதைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு பாதியின் முகத்தில் குழிக்கு இருபுறமும் கறுத்துப்போன பட்டை இரண்டு ஒட்டியிருந்தது. தீய்ந்த அழுக்கு என்று நினைத்தேன். மாப்பிள்ளை, பதினேழு வயதில் கைவண்டியில் உடைந்த சேணமும் துருப்பிடித்த இரும்புப் பொறியும் வாங்கி விற்க ஆரம்பித்தவன் நான். அதைத் துடைத்துத் துடைத்துத்தான் கடை வைத்தேன். கடைக்குள் வருகிற எதையும் முதலில் கம்பி பிரஷ் போட்டுத் தேய்ப்பேன், பிறகுதான் என்ன பொருள் என்று பார்ப்பேன். அந்தப் பட்டைகளையும் தேய்த்தேன். பிடிவாதமாக ஒட்டியிருந்தது. கத்தி முனையால் சுரண்டினேன். பளபளவென்று வந்ததும் திருப்தியாக இருந்தது. அன்று சாயங்காலம் பீர் குடித்தேன் என்பதுகூட ஞாபகம் இருக்கிறது.

அது அழுக்கில்லை. அச்சு முழுக்க மூடாமல் இருக்க அவள் வைத்த தக்கை. ஏதோ மெல்லிய தகடு. குழலை அளந்து, எவ்வளவு குறைகிறது என்று பார்த்து, அந்த இரண்டு பங்குக்காக ஒட்டியிருக்கிறாள். அப்பா செய்த வேலையில்லை அது, அப்பாவுக்கு இவ்வளவு பொறுமை கிடையாது. உலகத்தில் அவள் கைபட்டு என்னிடம் இருந்த ஒரே வேலைப்பாடு அதுதான். நான்தான் சுரண்டி எடுத்தேன். நான்தான் அதைக் குப்பைக்கூடையில் தட்டினேன்.

சாமான் பொறுக்க வந்தவன் என்றீர்கள். பொறுக்கத்தான் வந்தேன். அவளுடையது ஒன்றாவது என்னிடம் இருக்க வேண்டும் என்று வந்தேன். அதைக் கேட்டு வாங்கியிருக்கலாம்.

எந்தத் தகடு என்று தெரிந்தால் திரும்ப வைத்துப் பார்ப்பேன். தெரியாது. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

ஆல்டன்


யூட்டிகா
4 அக்டோபர்

உங்கள் கடிதம் வந்தது. திங்கட்கிழமை துப்பாக்கியைக் கொண்டுபோகிறேன். இனி எழுத ஒன்றுமில்லை.

ஹார்லன்


யூட்டிகா
5 அக்டோபர், சனி

ஆல்டன்,

நேற்று எழுதியதைத் தபால்காரர் எடுத்துப் போய்விட்டார். சாலை வரை ஓடிப் பார்த்தேன். இந்த முழங்காலோடு அவருடைய வண்டியை எங்கே பிடிப்பது. இரண்டும் உங்களுக்கு ஒன்றாக வந்து சேரலாம். வந்தால் முதலாவதைக் கிழித்துவிடுங்கள்.

நேற்றுச் சாயங்காலம் பால் கொட்டகை வாசற்படியில் போய் உட்கார்ந்தேன். உங்களைத் திட்டத்தான் உட்கார்ந்தேன். நன்றாகவே திட்டினேன். பிறகு, அந்த இடத்தில் உட்கார்ந்தால் கை தானாகச் சட்டைப்பையில் புகைக்குழாயைத் தேடும், தேடியது. அவள் போன பிறகு நான் புகையிலையை விட்டுவிட்டேன். உயிரோடு இருக்கும்வரை விடச் சொல்லிக்கொண்டே இருந்தாள், அப்போது விடவில்லை.

ஆனால் விடச் சொன்னவள், ஒரு பொட்டலம் தீர்ந்ததும் வந்து கை நீட்டுவாள். "உறைய எறிஞ்சிராதீங்க, உள்ள இருக்குற வெள்ளித்தாள் வேணும்" என்பாள். கொடுத்துவிடுவேன். வாங்கிக்கொண்டு, "ஒங்களுக்குப் புகைய, எனக்குச் சுட" என்பாள். எதையோ கிண்டலாகச் சொல்கிறாள் என்று விட்டுவிடுவேன். இருபத்தைந்து வருடம் மான் தொடை தின்றேன். அது என் புகையிலைத் தாளால் வந்தது என்று நேற்றுத்தான் தெரிந்தது.

நான் உங்களுக்குக் கம்பி பிரஷைச் சொல்லிக் காட்டலாம். ஆனால் நான் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்தும் எதையும் பார்க்காதவன். நீங்களாவது சுரண்டும்போது அங்கே ஏதோ இருக்கிறது என்று கவனித்தீர்கள்.

அதே புகையிலையில் ஒரு பொட்டலம் பாதி மிச்சம் வண்டியின் இருக்கைக்குக் கீழே கிடந்தது. புகையிலையைக் கொட்டிவிட்டேன். வெள்ளித்தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். கசக்காமல் எடுங்கள், வேறு கிடையாது. அந்தப் பெயர்ப் புகையிலையே இப்போது கடையில் வருவதில்லை.

பழுதுகாரரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். "திங்கக்கிழமைய விட்டா ஜனவரிதாங்க, அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது" என்றார். ஜனவரியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆகவே மச்சான், நீங்கள் வார்க்கிற குண்டு சரியாக வரவில்லை என்றால் இந்த வருடம் அவள் துப்பாக்கி ஆணியில்தான் தொங்கும். தெரிந்தே சொல்லியிருக்கிறேன்.

ஹார்லன்


பில்லிங்ஸ்
11 அக்டோபர்

மாப்பிள்ளை,

இரண்டும் ஒன்றாகத்தான் வந்தன. முதலாவதைக் கிழிக்கவில்லை, இரண்டையும் ஒரே உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.

தாள் பத்திரமாக வந்தது. என் அடுக்களையில் சுருட்டி வைத்த அலுமினியத் தாள் நாற்பது அடி இருக்கிறது. அதை மடித்து வைத்தாலும் அளவு வந்திருக்கும். வியாபாரியாக உங்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் உங்கள் தாளைத்தான் வைத்தேன்.

அச்சின் முகத்தில் பழைய பட்டை இருந்த இடம் லேசாக நிறம் மாறித் தெரிகிறது, நான் எவ்வளவு தேய்த்தும் போகாத நிறம். அந்த இடத்திலேயே இரண்டு துண்டு வெட்டி வைத்தேன். ஒட்டுவதற்கு எதைப் போட்டாள் என்று தெரியாமல் பசையைப் போட்டேன், எரிந்து உதிர்ந்தது. மாவுக் கஞ்சி வைத்தேன், அதுவும் உதிர்ந்தது. மூன்றாம் முறை தாளை வெளி விளிம்பில் மடித்து அச்சின் பக்கவாட்டில் இறுக்கிக் கட்டினேன், நின்றது. அப்புறம்தான் பார்த்தேன், பக்கவாட்டில் கம்பி கட்டிய தேய்மானம் ஏற்கெனவே இருக்கிறது. அவளும் ஒட்டவில்லை, கட்டித்தான் இருக்கிறாள். சூட்டில் தானாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. உயிரோடு இருந்தால், "மூணு தடவ செஞ்சாத்தான் எங்கண்ணனுக்குப் புரியும்" என்று உங்களிடம் சொல்லியிருப்பாள்.

முதல் இருபது குண்டு சுருக்கம் விழுந்து வந்தது, அச்சு சூடேறவில்லை. பிறகு வெள்ளி மாதிரி விழ ஆரம்பித்தன. ஒரு பக்கம் 382, மறு பக்கம் 379. கோணல் முட்டைகள். எழுபது வருடக் குழல் அவற்றைத் தானே உருட்டிச் சரி செய்துகொள்ளும். தேன்மெழுகும் கொழுப்பும் கலந்து, குண்டைச் சுற்றி ஓடுகிற பள்ளத்தில் பூசியிருக்கிறேன். பார்சலில் நாற்பது இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. குண்டு பருத்துவிட்டதால் புதிய பித்தளை உறையில் போட்டால் தோட்டா வீங்கித் துப்பாக்கிக்குள் இறங்காது. கட்டாயப்படுத்தி நெம்ப வேண்டாம். அவளுடைய பழைய உறைகள் சுவர் மெல்லியவை. காப்பி டின்னில் வைத்திருப்பாள், தேடுங்கள். அவற்றில் மட்டும் போடுங்கள்.

நேற்று ஒரு வாடிக்கையாளர் மேஜை மேல் இருந்த அச்சைப் பார்த்து விலை கேட்டார். "இது என்ன அழுக்குப் புடிச்சுக் கெடக்கு, தொடைக்கலாமே" என்றார். கையை எடுக்கச் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எப்படிப் போகிறது என்று எழுதுங்கள். வாடிக்கையாளர் என்பதற்காகக் கேட்கவில்லை.

ஆல்டன்


யூட்டிகா
22 அக்டோபர்

மச்சான்,

உறைகள் காப்பி டின்னில்தான் இருந்தன. பதினெட்டு.

வெள்ளிக்கிழமை அதே ஐம்பது கஜத்தில் கேக் சுடுகிற தகரத் தட்டு ஒன்றை வேலிக்கம்பத்தில் அடித்தேன். எம்மெட் தன் பேரில் வந்த சரக்குக்குத் தான்தான் சாட்சி என்று கூடவே வந்தான். ஐந்து சுட்டேன். போய்ப் பார்த்தோம். ஐந்தும் வட்டத் துளை, ஓர் ஆப்பிளால் மூடிவிடலாம். எம்மெட் தட்டைக் கழற்றி வெயிலுக்கு நேரே பிடித்து, ஒவ்வொரு துளை வழியாகவும் என்னைப் பார்த்தான். "உன் மச்சினன் பெரிய கேடிதான், ஆனா குண்டு நல்லாத்தான் ஊத்துறாரு" என்றான். குழலுக்குள் துணி விட்டு எடுத்தேன். ஈயம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மேலே போனேன். அவள் எப்போதும் உட்காருகிற பாறைக்கு, முழங்கால் வலியோடு இரண்டு மணி நேரம். அவள் கோட்டைப் போட்டுக்கொண்டேன், தோளில் இடிக்கிறது, பொத்தான் போடவில்லை. பிஸ்கட்டைப் பையிலேயே விட்டுவைத்தேன். ஒன்பது மணிக்கு மூன்று வயது ஆண் மான் ஒன்று பைன் மரங்களிலிருந்து வெளியே வந்து பக்கம் காட்டி நின்றது. எண்பது கஜம். ஒரே குண்டு. அது நாலு அடி வைத்துப் படுத்தது.

சுட்டதும் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். பழக்கம். ஒவ்வொரு வருடமும் அவள் சுடுவாள், நான் பக்கத்தில் இருப்பேன், சுட்டதும் திரும்பி, "பாத்தீங்களா?" என்பாள். அன்று யாரும் கேட்கவில்லை. பார்த்தேன் என்று நானே சொல்லிக்கொண்டேன்.

குண்டு மறுபக்கத் தோலடியில் நின்றிருந்தது. எடுத்துக் கழுவி வைத்திருக்கிறேன், உங்களுக்குத்தான். புரி வெட்டு ஆறும் தெளிவாகத் தெரிகிறது. செத்துப்போன குழலின் கையெழுத்து.

நீங்கள் அச்சைத் திருப்பித் தருவதாக எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியும், அதனால் நான் முந்திக்கொள்கிறேன். வேண்டாம். ஈரத் தொப்பியோடு சட்டிக்கு மேல் குனிந்தவன் நான், கொதிக்கிற ஈயத்துக்கு ஆக மாட்டேன். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அன்று நீங்கள் கேட்டது சரிதான், எனக்கு ஈயம் காய்ச்சத் தெரியாது. ஆனால் உங்களுக்குக் கேட்டு வாங்கத் தெரியவில்லை. இரண்டையும் தள்ளிக் கழித்துவிடுவோம்.

அச்சை நீங்கள் வைத்துக்கொள்வதற்கு என்ன நிபந்தனை வைக்கலாம் என்று நீங்களே எழுதுங்கள். பேரம் பேச எனக்கு வராது.

ஹார்லன்


பில்லிங்ஸ்
26 அக்டோபர்

மாப்பிள்ளை,

கடிதத்தைக் கடையில் நின்றுகொண்டே படித்தேன். "பாத்தீங்களா" என்ற இடத்தில் கண்ணாடியைக் கழற்ற வேண்டியதாயிற்று. பன்னிரண்டு வயதில் வேலிக்கம்பத்தில் தகர டப்பாவைச் சுட்டுவிட்டு என் பக்கம் திரும்பி அதையேதான் கேட்பாள். நான் அப்போது எதையாவது விற்கப் போகிற அவசரத்தில் இருப்பேன். பார்த்தேன் என்று பார்க்காமலே சொல்லிவிடுவேன்.

பேரம் எனக்கு வரும். ஆனால் முப்பத்தெட்டு வருட வியாபாரத்தில் இரண்டு பக்கமும் எனக்கே வேண்டியதாக இருந்த பேரம் இதுதான். ஆகவே நேராக எழுதிவிடுகிறேன், ஒப்புதல் என்றால் பதில் வேண்டாம், கடிதம் இருக்கிறது என்று தபால்காரருக்குக் காட்டுகிற தபால் பெட்டிக் கொடியைத் தூக்காமல் விட்டுவிடுங்கள்.

அச்சு என்னிடம் இருக்கும், துப்பாக்கி உங்களிடம். அச்சை யாரும் துடைப்பதில்லை, நான் உட்பட. தாள் கிழிந்தால் என் அடுக்களைத் தாள், அதற்கு நீங்கள் முகம் சுளிக்கக்கூடாது. வருடத்துக்கு நாற்பது குண்டு. தபாலில் அனுப்ப மாட்டேன். அக்டோபர் முதல் ஞாயிறு நானே கொண்டுவருவேன், எம்மெட் பேரில் இல்லை, என் பேரில். காப்பி கொடுக்க வேண்டும், நான் உட்கார்ந்து குடித்து முடிப்பேன். குண்டுக்கு விலை, மானின் ஒரு பின்தொடை. மான் கிடைக்காத வருடத்தில் உங்கள் பால் கொட்டகை வாசற்படியில் என் பக்கத்தில் அரை நாள் உட்கார வேண்டும். நம்மில் யார் முந்திப் போனாலும் மற்றவர் வீட்டுக்கு இரண்டும் சேர்ந்து போகும், அச்சும் துப்பாக்கியும் ஒரே பெட்டியில். போகிறவரின் அடக்கத்துக்கு வந்து, காப்பி குடித்துவிட்டு, கேட்டு வாங்கிப் போக வேண்டும்.

ஆல்டன்